ஆபரேஷன் தியேட்டரில் 'லைன் கிளியர்'

ரயில்வேயில் பிளாக் கருவி பழுதாகி, தொலைபேசியில் லைன் கிளியர் வாங்க நேர்ந்தால், ஸ்டேஷன் மாஸ்டர்கள் 'பிரைவேட் நம்பர்' சொல்லி எழுதிக்கொள்வார்கள். இருபது வருடம் பழகியவர்களானாலும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கு இப்படியொரு முறை வந்தது சமீபத்தில்தான் என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

ஆபரேஷனில் எவ்வளவு ரத்தம் போகும் என்பது சர்ஜனுக்குத் தெரியும். நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பது மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியும். உள்ளே போன பஞ்சும் ஊசியும் எத்தனை என்பது நர்ஸின் கணக்கு. இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலிருந்தால்தான் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் பாஸ்டன் சர்ஜன் அதுல் கவாண்டே. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளியை வெளியே கொண்டுவருமுன் என மூன்று இடங்களில் நின்று பேச வேண்டும். இரண்டாவது நிறுத்தத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்வார்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒருமுறை வாய் திறந்துவிட்ட இளம் நர்ஸ், பிறகு "சார், ஒரு பஞ்சு குறைகிறது" என்று பெரிய டாக்டரிடம் சொல்லத் தயங்கமாட்டார்.

நம் தில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பேசாமலே 'டிக்' போட்டால் பட்டியல் என்ன செய்யும்? வண்டி வருமுன்பே ரிஜிஸ்டரை நிரப்பி வைப்பவர்களை எங்கள் இலாகாவும் அறியும்.

முதல் நிறுத்தத்தில் நோயாளியிடமே பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் நம் அம்மாவிடம் இந்தியில் கேட்டால், புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டி விடுவார். ஆகவே அவர் தமிழ் மட்டுமே பேசுவார் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வாத மருந்துகளையும், தினம் சாப்பிடும் மாத்திரைகளையும் ஆங்கிலத்தில் எழுதி, கேஸ் பைலில் வைக்கச் சொல்லுங்கள். வலது முழங்காலில் ஆபரேஷன் என்றால், ஸ்ட்ரெச்சர் நகருமுன் வலது காலில்தான் பேனாக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாராளமாகக் கேட்கலாம்.