ரவுட்டரின் இரு மறைச்சொற்கள்

கணினியும் கைப்பேசியும் கம்பியின்றி இணையத்தை எட்டுதற்கு ரவுட்டர் என்னும் சிறு பெட்டி இன்று இல்லந்தோறும் அமர்ந்திருக்கிறது. அதற்கு இரண்டு மறைச்சொற்கள் உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஒன்று, வைஃபை மறைச்சொல். விருந்தினர் வந்தால் நாம் சொல்லிக் கொடுப்பது. மற்றொன்று, பெட்டியின் அமைப்புகளை மாற்றும் பக்கத்தினுள் நுழைவதற்கானது. முன்னது வாசற்கதவின் திறவுகோல் என்றால், பின்னது வீட்டின் பூட்டுகளையே மாற்றும் அதிகாரம் எனலாம். முன்னதைப் பேணுவோரும் பின்னதைத் தொழிற்சாலையில் இட்டவாறே விட்டுவிடுகின்றனர்.

இதனால் விளைந்த கேடு சிறிதன்று. 2016-ஆம் ஆண்டில் பரவிய மிராய் என்னும் தீநிரல் அரிய சூழ்ச்சி எதனையும் கையாளவில்லை. தொழிற்சாலைகள் வழக்கமாக இடும் பெயர்களையும் மறைச்சொற்களையும், ஏறத்தாழ 60 இணைகளை, மாறிமாறி இட்டுப் பார்த்தது, அவ்வளவே. இலட்சக்கணக்கான கண்காணிப்புக் கேமராக்களும் ரவுட்டர்களும் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அப்படைகொண்டு டின் என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டபோது, டுவிட்டர் முதலிய தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் எட்டாமற் போயின. அப்பெட்டிகளின் சொந்தக்காரர்களோ தம் வீட்டில் நடந்ததை அறியார்!

சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டு ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைச்சொல் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆயினும் அதற்கு முன் வாங்கிய பெட்டியை அது காவாது.

ஆகவே, பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும்) உலாவியில் இட்டு, அமைப்புப் பக்கத்தைத் திறக்க. முதலில் அப்பக்கத்தின் மறைச்சொல்லை மாற்றுக. வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதி இருப்பின் அதனை அணைத்துவிடுக. அதன் பின்னரே வைஃபைக்குப் பெயரும் நீண்ட மறைச்சொல்லும் இடுதல் முறை. விருந்தினர்க்கெனத் தனி இணைப்பு வைக்க இடமிருந்தால் இன்னும் நன்று.

மறையாக்க முறை எதுவென்று பெட்டி கேட்கும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருப்பின் அதனையும், இல்லையேல் டபிள்யூபிஏ2-ஐயும் தேர்க. வெப் என்னும் பழைய முறையை உடைக்கும் வழி 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. அஃது ஒன்றே உள்ள பெட்டிக்கு எத்துணை நீண்ட மறைச்சொல் இட்டும் பயனில்லை. வேறு பெட்டி வாங்குவதே தக்கது.