ரீசெட் பொத்தானை ஏஜென்ட்டிடம் கொடுக்கும் முன்

வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் அசையாமல் உறைந்துபோனால் அட்மினுக்கு இருக்கும் கடைசி வழி ரீசெட். இப்போது அந்த வேலை ஏஐ ஏஜென்ட்டுகளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஏஜென்ட் என்பது கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், கொடுக்கப்பட்ட டூல்களைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் மென்பொருள். ஒரு டூலை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்பதை அது பெரும்பாலும் டூலோடு எழுதிக் கொடுக்கப்படும் சில வரி விளக்கத்திலிருந்தே முடிவு செய்கிறது. பல நிறுவனங்களில் அந்த வரிகளை யாரோ கடைசி நேரத்தில் எழுதிச் சேர்ப்பதுதான் கவலை தருகிறது.

ரீபூட், ரீசெட் இரண்டும் ஒன்றல்ல. ரீபூட் செய்யச் சொன்னால் இயங்குதளத்துக்குத் தகவல் போகும். அது புரோகிராம்களை மூடி, கையிலிருக்கும் தரவை டிஸ்க்கில் எழுதிவிட்டு நின்று, மறுபடி தொடங்கும். ரீசெட்டில் அந்த அவகாசம் கிடையாது. மின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகுவதற்குச் சமம் என்றே ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் ஆவணத்தில் எச்சரிக்கிறது. லினக்ஸில் ஒரு புரோகிராம் கோப்பைச் சேமித்தாலும் அது முதலில் நினைவகத்தில்தான் தங்கும். வழக்கமான அமைப்பில் 30 விநாடி பழையதான பிறகே கட்டாயம் டிஸ்க்குக்கு அனுப்பப்படும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் தரவும் போய்விடும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே பதிவேட்டில் எழுதிவைப்பதால் மீண்டுவிடும். பாதி ஏறிய படத்துக்கும் பாதி எழுதிய பதிவுக் கோப்புக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறையும் மாறுகிறது. கூகுள் கிளவுடின் ரீசெட் எடுத்த எடுப்பிலேயே நிறுத்தி இயக்கும். அமேசானின் கிளவுட் சர்வர் சேவையான ஈசி2-வின் ரீபூட் முதலில் முறையாக நிற்கச் சொல்லும். சில நிமிடங்களில் நிற்காவிட்டால்தான் வலுக்கட்டாயம். ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரி இந்த நிறுவனங்கள் எல்லாவற்றின் ஆவணங்களையும் படித்து வளர்ந்திருக்கக்கூடும். நம் டூல் எப்படி நடந்துகொள்ளும் என்று தெளிவாக எழுதாவிட்டால், வேறொரு நிறுவனத்தின் வழக்கத்தை வைத்து அது ஊகித்துக்கொள்ளும்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற, ஏஜென்ட்டுகளை டூல்களோடு இணைக்கும் நெறிமுறையில் ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வடிவம் உண்டு. 2025 மார்ச் பதிப்பில் சில குறிப்புகளும் சேர்ந்தன: இந்த டூல் படிக்க மட்டுமா, எதையாவது அழிக்கக்கூடியதா, ஒரே அழைப்பைத் திரும்பச் செய்தால் கூடுதல் விளைவு உண்டா. எளிதில் சறுக்கும் இடம் மூன்றாவது. பத்து முறை ரீசெட் செய்தாலும் கடைசியில் ஓடும் சர்வர்தானே மிஞ்சும் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு அழைப்பும் புதிதாக மின்சாரத்தைத் துண்டிக்கிறது. சர்வர் எழுந்து கோப்பு அமைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, பதில் வரவில்லையே என்று ஏஜென்ட் இன்னொரு ரீசெட் அனுப்பினால், மீண்டுகொண்டிருந்ததும் கெடும்.

“சர்வரை ரீசெட் செய்யும்” என்ற ஒற்றை வரி விளக்கத்தால் பயனில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “மின்சாரத்தைத் துண்டித்து சர்வரை மறுபடி இயக்கும். டிஸ்க்கில் எழுதப்படாத தரவு இழக்கப்படலாம். டிஸ்க்கை அழிக்காது. முதலில் ரீபூட் செய்து பார்க்கவும். அது பலிக்காதபோது மட்டும் இதை அழைக்கவும். அழைத்ததும் ஒரு செயல் எண் வரும். அதன் நிலை ‘முடிந்தது’ என்று வரும்வரை மறுபடி அழைக்கக்கூடாது.” டிஸ்க்கை அழிக்காது என்ற வரி வீண் அல்ல. டிஸ்க் முழுவதையும் புதிதாக எழுதிவிடும் ‘ரீபில்ட்’ டூலும் பெரும்பாலும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

சர்வரின் எண்ணோடு பெயரையும் சேர்த்துக் கேட்பது நல்லது. இரண்டும் பொருந்தாவிட்டால் டூல் மறுக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைச் சர்வரில் அழிக்க நினைத்த தரவுக் கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி, ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு திரும்பவே இல்லை. அனுபவமுள்ள மனிதருக்கே நேர்ந்தது இது.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் விளக்கம் பூட்டாகிவிடாது. 2025 ஜூலையில், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ரெப்ளிட் என்ற நிரலாக்கத் தளத்தின் ஏஜென்ட் ஒரு பயனாளரின் நேரடித் தரவுத்தளத்தை அழித்தது. பூட்டு டூலுக்குள்ளேயே இருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை மணிக்கணக்கில் முடங்கியதற்குக் காரணம், கட்டளையில் தவறாகக் கொடுத்த ஒரு உள்ளீடு. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டன. அதன்பின் அமேசான் அந்த டூலையே மாற்றியது: இனி மெதுவாகத்தான் நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. ரீசெட்டுக்கும் அதுவே பொருந்தும். குறிப்பிட்ட நேரத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் டூலே மறுக்கட்டும். மறுக்கும்போது வெறும் பிழை எண்ணைத் தராமல், “முந்தைய ரீசெட் இன்னும் முடியவில்லை, செயலின் நிலையைப் பாருங்கள்” என்று அடுத்த படியையும் சொல்லட்டும். முக்கியமான சர்வர்களுக்கு மனிதரின் ஒப்புதலும் வேண்டும்.

எழுதிய விளக்கத்தைச் சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். “தளம் மெதுவாக இருக்கிறது” என்று சொன்னால் ஏஜென்ட் முதலில் பதிவுக் கோப்புகளைத் திறக்க வேண்டும். “எஸ்எஸ்ஹெச் இணைப்பு கிடைக்கவில்லை, ரீபூட்டும் பலிக்கவில்லை” என்றால்தான் ரீசெட்டுக்கு வர வேண்டும். முதல் கேள்விக்கே ரீசெட்டைத் தேர்ந்தெடுத்தால் விளக்கத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஏஜென்ட்டின் மாதிரியைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போதும் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய பதிப்பு சரியாகப் புரிந்துகொண்ட வரியைப் புதியது வேறு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.