பூமிச் சூட்டை விற்கும் வியாபாரம்



போர் போட்டவங்களுக்குத் தெரியும். வண்டி வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கொடுத்தாக வேண்டும். பூமிக்கடியில் உள்ள சூட்டை எடுத்து மின்சாரமாக்கி விற்கும் கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். நம்ம போர் ஐந்நூறு, ஆயிரம் அடி. அவர்கள் துளைப்பது ஒன்றிரண்டு கிலோமீட்டர்.

செங்கல் சூளைக்காரர் ஒவ்வொரு தடவையும் விறகு வாங்க வேண்டும். பூமிச் சூட்டுக்கு விறகுச் செலவே கிடையாது. செலவில் பெரும்பகுதி முதலிலேயே வந்துவிடும். ஆவி கிளம்புவதைக் கண்ணால் பார்க்கும்வரை பேங்க்காரர்கள் கடன் தரத் தயங்குவார்கள்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டார் இதற்கு ஒரு வழி செய்தார்கள். துளை போடும் நஷ்டத்தை அரசாங்கக் கம்பெனியே தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. ஆவி வந்த பிறகு அதைத் தனியாருக்கு விற்கிறது. தனியார் மின்சாரம் தயாரித்து, நீண்டகால ஒப்பந்தப்படி மின் விநியோகக் கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள். மெனெங்காய் என்ற எரிமலைப் பகுதியில் 2023இல் 35 மெகாவாட் நிலையம் ஒன்று இப்படித்தான் ஓட ஆரம்பித்தது.

மின்சாரம் மட்டுமில்லை, சூட்டையே சரக்காக விற்கலாம். அதே நாட்டில் நைவாஷா ஏரிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணை, ஆவிக் கிணற்றைக் குத்தகைக்கு எடுத்து, இரவில் பசுமைக் குடில்களைச் சூடாக்கியது. ஈரம் குறைந்தது, பூஞ்சாண நோயும் குறைந்தது. மார்கழியில் மல்லி மொட்டு குறைவதைப் பார்த்த நமக்கு அதன் அருமை புரியும்.

நம் நாட்டில் மணிகரண் வெந்நீர் ஊற்றைக் கொண்டு குளிர்பதன அறை ஒன்றைச் சோதனையாக நடத்தினார்கள். சூட்டிலிருந்து குளிரா என்று கேட்காதீர்கள். மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் வேலை செய்ததும் அப்படித்தானே! லடாக்கில் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் சோதனை நிலையம் அமைக்க 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்தது.

மதுரைச் சீமையில் இது நடக்குமா? நம் தரைக்கு அடியில் கிடப்பது பழைய கெட்டிப் பாறை. எரிமலைச் சூடு கிடையாது. காளவாசலில் ஆபீஸ் போட்டு, பூமிச் சூட்டுக்குப் பங்கு சேர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீங்க.

ஆனால் இந்தக் கணக்கு சூரிய மின்சாரத்துக்கும் பொருந்தும். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்ததை அறிவீர்கள். நாளைக்கு உங்கள் மேட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒரு கம்பெனி வந்தால், மின்சாரத்தை யார் வாங்குகிறார்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வாடகை கையெழுத்திட்ட நாளிலிருந்தா, மின்சாரம் ஓடிய நாளிலிருந்தா? இங்கேதான் பலர் ஏமாறுவது. கம்பெனி கைமாறினால் வாடகை யார் பொறுப்பு, கடைசியில் கம்பங்களைப் பிடுங்கி நிலத்தைச் சமன் செய்வது யார் செலவு, இதெல்லாம் பத்திரத்திலேயே வர வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஸ்டாம்புத் தாளில் கையெழுத்து மட்டும் போதாது.