விபத்துக் காயங்களும் மருத்துவர் பயிற்சியும்

நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, உடல் முழுவதையும் சோதித்து, நோய் இன்னதெனத் துணிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்குமாறு மருத்துவக் கல்லூரிகள் கற்பித்து வந்துள்ளன. விபத்தில் படுகாயமுற்றவருக்கு இம்முறை உதவாது. மூச்சுவழி அடைபட்டால் சில நிமிடங்களிலேயே மூளை சிதையத் தொடங்கும்.

1976 பிப்ரவரியில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், குழந்தைகள் நால்வரில் மூவர் படுகாயமுற்றனர். சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் குறைபாட்டை நேரிற் கண்ட அவர், பிற மருத்துவர்களுடன் சேர்ந்து ஒரு பயிற்சியை வகுத்தார். 1978இல் அது முதன்முதலாக நடத்தப்பெற்றது; 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றுப் பரப்பலாயிற்று. இந்தியாவில் இப்பயிற்சி 2009இல் புது டில்லியில் தொடங்கிற்று.

விரைவில் உயிரைப் போக்கக்கூடியதை முதலிற் கவனிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பீறிடும் இரத்தத்தை நிறுத்துதல், கழுத்தை அசையாது காத்து மூச்சுவழியைத் திறத்தல், சுவாசம், இரத்த ஓட்டம், மூளையின் நிலை, பின்னரே உடைகளைக் களைந்து முழுச் சோதனை என வரிசை செல்லும். முறிந்து வளைந்த கால் கண்ணை ஈர்க்கும். உயிருக்கு ஆபத்தோ வேறிடத்தில் இருக்கலாம். மார்புக்கூட்டினுள் காற்று அடைபட்டு நுரையீரலையும் இருதயத்தையும் நெருக்குமாயின், எக்ஸ்ரே படத்திற்குக் காத்திராமல், குறிகளைக் கொண்டே அறிந்து ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டும். இத்துணிவு நூலைப் படித்து வருவதன்று. ஆகவே நோயாளியாக நடிப்பவரைக் கொண்டும் உருவப் பொம்மைகளைக் கொண்டும் பயிற்சியளித்து, தேர்வும் நடத்துகின்றனர்.

சிறிய மருத்துவமனையில் தனித்துப் பணிபுரியும் மருத்துவருக்கு மற்றொன்றும் கற்பிக்கப்படுகிறது. தம்மால் இயலாத சிகிச்சை தேவை என்று கண்டவுடன், சோதனைகளில் காலத்தைக் கழிக்காமல், மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் இயன்றவரை நிலைப்படுத்தி, பெரிய மருத்துவமனைக்கு அவர் நோயாளியை அனுப்பிவிட வேண்டும்.