நிதிக்கு எல்லை வேண்டாம், நிபந்தனைக்கு வேண்டும்

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு 25 விழுக்காடு இடம் தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 2025-ல் தமிழகத்தில் அந்தச் சேர்க்கை உரிய நேரத்தில் தொடங்கவில்லை. சமக்ர சிக்ஷா எனும் பள்ளிக்கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு வரவில்லை என்றது மாநில அரசு. பிஎம் ஸ்ரீ எனும் மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றால்தான் பணம் என்றது டெல்லி. 2024-25க்கான தொகை மட்டும் சுமார் 2,152 கோடி ரூபாய். கோவையிலிருந்து போன ஒரு பொதுநல வழக்கில், கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பள்ளிகளுக்குப் பணம் தரும் கடமையிலிருந்து மாநிலமும் நழுவ முடியாது என்றது.

மாநிலங்களின் பொறுப்பில் உள்ள நலப்பணிகளுக்கு மத்திய அரசு செலவிடலாமா? தாராளமாக. தனக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லாத விஷயமானாலும், பொது நோக்கத்துக்காக மானியம் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 282ஆவது பிரிவு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி பற்றிய பீம் சிங் வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை விரிவாகவே வாசித்தது. அது சரியென்றே நான் நினைக்கிறேன். பசியும் நோயும் மத்திய, மாநில அதிகாரப் பட்டியல்களில் எதில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால், கொடுக்கும் அதிகாரம் கட்டளையிடும் அதிகாரம் ஆகாது. அந்தக் கோடு எங்கே என்பதை 282 சொல்லவில்லை. சிக்கலே அங்குதான்.

அமெரிக்கா இந்தச் சிக்கலைக் கடந்து வந்திருக்கிறது. முதியோருக்கான சமூகப் பாதுகாப்புச் செலவு செல்லும் என்று 1937-ல் ஏற்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நிபந்தனைக்கும் நிதியின் நோக்கத்துக்கும் தொடர்பு வேண்டும் என்றது 1987-ல். மெடிக்கெய்டு மருத்துவத் திட்ட விரிவாக்கத்தை ஏற்காத மாநிலம், ஏற்கெனவே பெற்றுவரும் நிதியையும் இழக்கலாம் என்ற ஏற்பாடு வற்புறுத்தல் என்று 2012-ல் ஏழு நீதிபதிகள் முடிவு செய்தனர்.

பணம் தருபவர் நிபந்தனை வைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வைக்கலாம், கணக்குக் கேட்கலாம், பணம் குழந்தையைச் சேர்ந்ததா என்று சோதிக்கலாம். ஆனால் அது டெல்லியின் சொந்தப் பணமன்று. கோவை கிரைண்டரையும் திருப்பூர் பனியனையும் வாங்குகிறவர்கள் கட்டும் ஜிஎஸ்டியும் அதில் இருக்கிறது. அதற்காக, கட்டிய வரி அப்படியே இங்கே திரும்ப வேண்டும் என்று கொங்குத் தொழில் வட்டாரம் கேட்டால், அதை ஏற்க மாட்டேன். ஏழை மாநிலத்துக் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு. கனமான மறுப்பு வேறொன்று: 1976-ன் 42ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டதே, மத்திய அரசு கொள்கை வகுக்கக் கூடாதா? வகுக்கட்டும். மாநிலத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவரட்டும். உறுப்பினர்கள் விவாதிப்பார்கள், நீதிமன்றம் சோதிக்கும். கல்விக் கொள்கை அப்படி வந்த சட்டமன்று. சட்டத்தால் செய்யாததை நிதியை நிறுத்திச் செய்ய முடியுமா என்பதுதான், வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கேட்டு மத்திய-மாநில வழக்குகளுக்கான அரசியலமைப்பின் 131ஆவது பிரிவின் கீழ் 2025 மே மாதம் தமிழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நிற்கும் கேள்வி.