33 வயதில் சிறுவர்களோடு ஒரே பெஞ்சில்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் ஒரு தாயும் மகனும் பங்கு இல்லத்திற்கு வந்தார்கள். மகன் பொறியியல் படித்தவர். கல்லூரியை விட்டு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஏழு தாள்களில் அரியர் இருந்தது. "சாமி, இவன் பரீட்சைக்குப் பணமே கட்ட மாட்டேங்கிறான். நீங்களாவது கேளுங்க சாமி" என்றார் தாய். மகன் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்கூடப் படிச்சவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க ஃபாதர். இப்போ போய் சின்னப் பசங்களோட உக்காந்து எழுத வெக்கமா இருக்கு."

அவருக்கு அறிவு குறைவில்லை. தேர்வுக் கட்டணத்திற்கான பணத்தைத் தாய் கையிலேயே வைத்திருந்தார். தடையாக நின்றது வெட்கம் ஒன்றுதான். வெற்றியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவோ பேசுகிறோம். இலட்சியம் வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும் என்கிறோம். ஆனால் தவறிப்போன ஒருவர் மறுபடியும் முதல் படியில் கால் வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறோமா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியைச் சொல்லி, கதவை நாமே சாத்திவிடுவதும் உண்டு.

அன்று அந்த இளைஞரிடம் நாம் பேசியது ஒரு மாணவரைப் பற்றி. அவர் 33 வயதில் இலக்கண வகுப்பில் சிறுவர்களோடு உட்கார்ந்தவர். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்தான் அவர். பீடத்தில் சுரூபமாக நிற்கும் இஞ்ஞாசியாரை நமக்குத் தெரியும். பாடத்தில் தடுமாறிய இஞ்ஞாசியாரை நம்மில் பலருக்குத் தெரியாது.

கீழே உட்காரும் துணிவு

1491-இல் ஸ்பெயின் நாட்டின் லொயோலாவில் உயர்குடியில் பிறந்தவர் அவர். வாளும் புகழுமே அவருடைய இளமைக் கனவுகள். 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில் ஒரு பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. படுக்கையில் கிடந்தபோது வாசித்த கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும் அவர் மனத்தை மாற்றின. 1523-இல் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்றார். அங்கேயே வாழ்நாள் முழுவதும் தங்க விரும்பினார். அதற்கு அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தார்.

இனி என்ன செய்வது? மக்களின் ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அக்காலத்தில் படிப்பு என்றால் இலத்தீன். அவருக்கு இலத்தீன் தெரியாது. எனவே 1524-இல் பார்சிலோனா நகரில் அர்தேவோல் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். கட்டணமின்றிக் கற்பிக்க அவர் இசைந்தார். உணவுச் செலவை இசபெல் ரொசேர் என்ற பெண்மணி ஏற்றுக்கொண்டார். அரண்மனைகளில் பழகிய வீரர், காலை விந்தி நடக்கும் நடுவயதுக்காரர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிக்கும் பாடத்தைப் படிக்கத் தொடங்கினார்.

வெற்றிக்கான மனநிலை என்று நாம் எதைச் சொல்கிறோம்? 'என்னால் முடியும்' என்ற எண்ணத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறோம். இஞ்ஞாசியாரிடம் அதற்கு முந்திய ஒன்று இருந்தது. 'எனக்கு இது தெரியாது, ஆகவே கற்றுக்கொள்கிறேன்' என்ற தாழ்ச்சி அது. தாழ்ச்சி என்பது தன்னை மட்டம் தட்டிக்கொள்வது அன்று. தான் நிற்கும் படி எது என்பதை உள்ளபடி ஒத்துக்கொள்வது. அதை ஒத்துக்கொண்டவருக்குத்தான் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும்.

ஒருவரிடம் கொடுக்கும் வாக்கு

உட்கார்ந்த உடனே படிப்பு வந்துவிடவில்லை. இலக்கணத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கும்போதெல்லாம் ஆழ்ந்த ஆன்மிகச் சிந்தனைகள் அவருள் பொங்கி வந்தன. செபத்தில்கூட இத்தனை தெளிவு வருவதில்லையே, பாட நேரத்தில் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். இது ஒரு சோதனை என்று கண்டுகொண்டார். செய்ய வேண்டிய வேலையிலிருந்து நம்மைத் திருப்புவது எப்போதும் கெட்ட காரியமாக இருப்பதில்லை. அது நல்ல காரியத்தின் வேடத்திலும் வரும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சாந்த மரியா தெல் மார் ஆலயத்திற்கு ஆசிரியரை அழைத்துச் சென்றார். தன் மனத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பார்சிலோனாவில் தனக்கு ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை, இந்த இரண்டு ஆண்டுகளும் வகுப்பைத் தவறவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அவரைத் தொல்லை செய்யவில்லை.

நாம் புத்தாண்டிலும் தவக்காலத்திலும் தீர்மானங்கள் எடுக்கிறோம். அவை நம் மனத்துக்குள்ளேயே பிறந்து, ஒருவருக்கும் தெரியாமல் உள்ளேயே இறந்துபோகின்றன. நம்மை அன்போடு கேள்வி கேட்கக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்லி வைத்தால், தளர்ந்துபோகும் நாளிலும் அந்த வாக்கு நம்மைப் பிடித்து நிறுத்தும்.

அவசரம் தந்த தோல்வி

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் 1526-இல் அல்கலா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். இங்கேதான் சறுக்கினார். தர்க்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் படித்தார். அத்தோடு மக்களுக்கு ஞானப் போதனையும் செய்தார். படிக்காமல் போதிக்கிறார் என்ற ஐயத்தில் விசாரணைக்கு உள்ளானார். அல்கலாவில் 42 நாள், பின்பு 1527-இல் சலமான்காவில் 22 நாள் சிறையில் இருந்தார். அவருடைய போதனையில் தவறு எதுவும் காணப்படவில்லை. படிப்போ முன்னேறவில்லை.

1528 பிப்ரவரியில் தனியாக நடந்தே பாரிஸ் போய்ச் சேர்ந்தார். தன் நிலையை எடைபோட்டுப் பார்த்தார். அடித்தளம் போதவில்லை, அவசரப்பட்டுவிட்டோம் என்பதை உணர்ந்தார். எனவே மொந்தெகூ கல்லூரியில் மறுபடியும் இலத்தீன் இலக்கணத்தில், மறுபடியும் சிறுவர்களோடு சேர்ந்தார். இப்போது வயது ஏறத்தாழ 37!

முதல் முறை உட்கார்ந்தது ஒரு துணிவு என்றால், இரண்டாம் முறை உட்கார்ந்தது அதைவிடப் பெரிய துணிவு. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை (லூக் 14:28-30) நமக்குத் தெரிந்ததே. தோல்வி வந்தால் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம்: பிறரைக் குறை சொல்கிறோம், அல்லது 'நான் எதற்கும் உதவாதவன்' என்று முடங்கிவிடுகிறோம். இஞ்ஞாசியார் மூன்றாவது ஒன்றைச் செய்தார். எந்த இடத்தில் தவறு நடந்தது என்று தேடினார். கண்டுபிடித்த பிறகு அந்த இடத்திலிருந்தே தொடங்கினார்.

தடைகளை ஒவ்வொன்றாக நீக்குதல்

பாரிசிலும் துன்பம் தொடர்ந்தது. படிப்புக்காகக் கிடைத்த பணத்தை உடன் தங்கியிருந்த ஒருவரிடம் கொடுத்து வைத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார். வாடகை கொடுக்க வழியின்றி, கல்லூரிக்குத் தொலைவில் இருந்த ஏழைகள் விடுதியில் தங்கினார். வகுப்போ பொழுது விடியும் முன்பே தொடங்கிவிடும். விடுதியின் கதவோ விடிந்த பிறகுதான் திறக்கும். மாலையிலும் நேரத்தோடு திரும்பியாக வேண்டும். ஆகவே பாடங்கள் தவறின. பிச்சை எடுப்பதிலும் நேரம் போயிற்று.

'என் விதி இவ்வளவுதான்' என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பிளாண்டர்ஸ் பகுதிக்குப் போய், அங்குள்ள ஸ்பானிய வணிகர்களிடம் ஓர் ஆண்டுக்கான உதவியைப் பெற்று வரலாமே என்று ஒரு துறவி ஆலோசனை சொன்னார். அதன்படியே செய்தார். சில வாரங்களின் உழைப்பு ஆண்டு முழுவதும் படிக்க நேரம் தந்தது. தத்துவப் பாடம் தொடங்கியபோது பழைய கவனச்சிதறல் திரும்ப வந்தது. அதே மருந்தையே எடுத்தார். ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை வகுப்புக்கு வருவேன் என்று புதிய ஆசிரியரிடமும் வாக்குக் கொடுத்தார். புதிய தோழர்களைத் தேடும் பணியைக்கூடச் சற்று நிறுத்தி வைத்தார். தன்னைவிட 15 வயது இளையவரான பீட்டர் பேபரிடம் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1535-இல், 40 வயதைக் கடந்த நிலையில், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டச் சான்று அவர் கைக்கு வந்தது.

மன உறுதி மட்டும் போதாது என்பதை இங்கே கற்றுக்கொள்கிறோம். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "காலையில் எழுந்து படிக்க முடியவில்லை" என்று வருந்துவதில் பயனில்லை. முதலில் கைப்பேசியை வேறு அறையில் வைக்க வேண்டும். நேரத்தைத் தின்பது எது என்று கண்டு, அதை இடம் மாற்றுவதும் ஓர் ஒழுக்கமே.

நாள்தோறும் ஒரு கணக்கு

இஞ்ஞாசியார் நமக்கு விட்டுச்சென்ற பழக்கங்களில் எளிமையானது தனி ஆன்ம சோதனை. அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதன் முறை விளக்கப்பட்டுள்ளது. திருத்த வேண்டிய குறைகள் பல இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்தவுடன் அதைக் குறித்து விழிப்பாயிருக்கத் தீர்மானிக்க வேண்டும். நண்பகலுக்குப்பின் ஒருமுறை, இரவு உணவுக்குப்பின் ஒருமுறை, எத்தனை தடவை தவறினோம் என்று எண்ணி, ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இப்படி இரண்டு கோடுகள். நேற்றையதோடு இன்றையதையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவறிய அந்தக் கணத்தில் கையை நெஞ்சில் வைத்து வருந்த வேண்டும். நாலு பேர் நடுவிலும் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம் என்கிறார் அவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பீடு அடுத்தவரோடு அன்று, நேற்றைய நம்மோடு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்து நம் பிள்ளையை வாட்டுகிறோமே, அந்த நோய்க்கும் இதில் மருந்து இருக்கிறது. குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. ஞாயிறு மறையுரையைச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளிப்போடும் பழக்கத்தை விட, நமக்கும் இந்தப் புள்ளிக் கணக்கு தேவைப்பட்டது. முதல் வாரத்தில் புள்ளிகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம் கடற்கரையில் இன்னொரு மாணவர்

பாரிசில் இஞ்ஞாசியாரோடு தங்கிப் படித்தவர்களில் ஒருவர் புனித பிரான்சிஸ் சவேரியார். கல்லூரியில் பாடம் நடத்திய முதுகலைப் பட்டதாரி அவர். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடமாகக் கற்றுக்கொண்டார். பின்பு கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று, சிறுவர்களை அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். கற்றவர் மறுபடியும் மாணவராக முடியும் என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

இஞ்ஞாசியார் 1556-இல் இறந்தபோது இயேசு சபையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை அது நடத்தியது. பாரிசில் அவர் கண்ட ஒழுங்கின்படி, ஒரு படியை முடித்தே அடுத்த படிக்கு மாணவர்கள் போனார்கள். தன் தோல்வியில் அவர் கற்ற பாடம் பிறருடைய பிள்ளைகளுக்கு வழியாயிற்று. வெற்றி என்பது நமக்குக் கிடைப்பது மட்டுமல்ல, நம் வழியாகப் பிறருக்குக் கிடைப்பதும்தான்.

அந்த இளைஞர்? ஏழு தாள்களையும் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன் என்றார். இரண்டு போதும் என்றோம். தேர்வு நாள்களை ஒரு தாளில் எழுதி நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதல் முறை ஒன்றில்தான் தேறினார். ஆனாலும் அடுத்த முறைக்குப் பணம் கட்டினார். இன்னும் இரண்டு தாள்கள் மீதம் இருந்த நாளில் பணி மாற்றம் பெற்று நாம் வேறு பங்குக்கு வந்துவிட்டோம். அவர் முகத்தில் அந்த வெட்கம் அப்போது இல்லை.

அன்புக்குரியவர்களே, நம் குடும்பங்களில் தவறிப்போய் முடங்கியிருக்கும் ஒருவர் இருக்கலாம். அவர் நாமாகவும் இருக்கலாம். இன்று இரவு உணவுக்குப்பின் ஒரு சிறு தாளை எடுப்போம். ஒரே ஒரு காரியத்தை எழுதுவோம். அதை ஒருவரிடம் சொல்லி வைப்போம். கீழ்ப்படியில் உட்கார வெட்கப்படாத மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக!