பெயர்ப்பலகையும் பட்டாவும்

பிச்சாவரம் உப்பங்கழியைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் எம்.ஜி.ஆர். திட்டு. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை இந்த மீனவ ஊரை அடியோடு வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் கிள்ளைப் பக்கம் கரையேறிவிட்டார்கள். தலைவரின் பெயரை மட்டும் மணல்திட்டு சுமந்துகொண்டிருக்கிறது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தலைவர்களின் பெயர் இல்லாத குடியிருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குடிசையில் இருப்பவருக்கு யார் எவ்வளவு செய்தார் என்ற டீக்கடை வழக்கும் தீர்ந்தபாடில்லை.

ஒரு குடிசையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வழக்கின் கனம் புரியும். சவுக்குக் கழி நட்டு, மூங்கில் வரிச்சு கட்டி, தென்னங்கீற்று வேய்ந்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சுவரின் அடி ஊறிக் கரையும். கீற்று மக்கினால் மாற்றக் கடன் வாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்த வேகத்தில் இந்தக் கூரைகளையும் பிய்த்து எறிந்தது. குடிசை இழந்தோருக்கு 1 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித் தரப்படும் என்று ஜெயலலிதா அரசு அறிவித்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2010இல், தமிழ்நாட்டின் 21 லட்சம் குடிசைகளையும் ஆறே ஆண்டில் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தைக் கருணாநிதி அரசு தொடங்கியிருந்தது. 2011இல் ஆட்சி மாறியது. அந்தத் திட்டம் நின்று, 300 சதுர அடியில் சூரிய ஒளிப் பசுமை வீடு வந்தது. 2024இல் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் ரூபாய் தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ வந்தது. டெல்லியிலும் இதே கதைதான். ராஜீவ் காந்தி காலத்தில், 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் 2016இல் பிரதமர் பெயருக்கு மாறியது. வருகிற ஒவ்வொரு அரசும் முதல் வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால், குடிசையில் இருப்பவருக்குக் காத்திருப்புதான் நீளும்.

தலைவர்களை எடைபோடும்போது பலரும் மறந்துவிடும் கணக்கு ஒன்று உண்டு. காவிரிப் படுகையில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரர் நிலத்தில்தான் நின்றது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார்கள். 1961இல், காமராசர் ஆட்சியில், குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பிறகும், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்த்திக் கேட்ட பண்ணையாட்களின் ஊரான கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1971இல் கருணாநிதி ஆட்சி, அந்த ஆண்டு ஜூன் 19 அன்று குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே மனையைச் சொந்தமாக்கிச் சட்டம் செய்தது. அணைக்கும் பள்ளிக்கும் காமராசரைப் போற்றுகிறோம். குடிசை மாற்று வாரியத்துக்குக் கருணாநிதியை நினைக்கிறோம். இந்த இரண்டு சட்டங்களுக்கு எந்த ஊரிலும் வளைவு கிடையாது. ஆனால் இவற்றுக்குத்தான் முதல் மதிப்பெண் போட வேண்டும். காரணம் எளிது. மனைப் பட்டா இல்லாதவர் கனவு இல்லத்துக்கு மனுப் போடவே முடியாது. புறம்போக்கில், வாய்க்கால் கரையில் இருப்பவர் எந்தத் தலைவரின் பட்டியலிலும் எளிதில் ஏறமாட்டார்.

ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வீடுகளிலும் மனை உரிமையின் கனம் தெரிந்தது. 2005 மார்ச் அரசாணைப்படி புது வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் கடலோரத்துப் பழைய மனையை விட்டுக்கொடுத்தால்தான் அது கிடைக்கும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. வலையும் படகும் கரையில் கிடக்க, வீடு தள்ளிப் போனது.

இன்று கேட்க வேண்டிய கேள்விகள் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் இருக்கின்றன. பெராம்பட்டு, திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி ஆகிய ஊர்களை 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் ஆற்று வெள்ளம் சூழ்ந்தது. இங்கே கட்டித் தரும் வீட்டின் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது, அந்தக் கூடுதல் செலவு யாருடையது, மேட்டில் மாற்று மனை எங்கே? முகாமுக்குப் படகேறும்போது பெண்கள் மஞ்சப்பையில் முதலில் எடுத்துப் போடுவது ரேஷன் அட்டையை. பட்டா இருந்தால், அதையும்.